சிவப்புக் காரும் இரண்டு தூண்களும்

ஆறு நாள் போனதே தெரியவில்லை. ஏழாம் நாள் காலையில் கண் விழித்ததும் திரைக்காரம்மாவின் மனசில் முதலில் வந்து நின்றது மணிதான். மாலை ஆறு.

ஆறு மணியோடு ஏழு நாள் கெடு முடிகிறது. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பல் வைத்தியர் சிவப்புக் காரில் ஏறிப் போய்விடுவார். அதோடு சரி.

கதையை நடுவில் வந்து பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் பாதி ஜன்னல்களுக்குத் திரை தைத்து மாட்டுகிறவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷம் அவளையும் துணிப் பொதிகளையும் சுமந்த பெட்டி வண்டி போன மாதம் நடுரோட்டில் உயிரை விட்டது. எல்லோரும் இன்னொரு பெட்டி வண்டி வாங்கச் சொன்னார்கள். அவளும் அந்த எண்ணத்தில்தான் இருந்தாள். பல் வைத்தியரின் கிளினிக்குக்கு ஜன்னல் அளவெடுக்கப் போன அன்று, வாசலில் 'விற்பனைக்கு' என்று சீட்டு ஒட்டி நின்ற ஸ்போர்ட்ஸ் கார் கண்ணில் பட்டது. பன்னிரண்டு வயசு வண்டி. இரண்டே கதவு. இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே கூரை. உள்ளே உட்கார்ந்தால் சாலையே எழுந்து வந்து மடியில் உட்காரும். அவள் ஒரு முறை உட்கார்ந்தாள். அவ்வளவுதான், எழுந்திருக்க மனசு வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிம்மா இது" என்றார் பல் வைத்தியர்.

"எனக்குத் தினமும் வேணும்" என்றாள் அவள்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று தானாகவே சொன்னார். விற்கிறவர் எதற்கு அதை மூன்று முறை சொன்னார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் புயல் அடித்து ஓய்ந்தபின் கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஏழு நாளில் இது தினசரி வண்டி என்று நிரூபித்தால் வைத்துக்கொள்ளலாம். நிரூபித்தாள். துணிப் பொதியைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டு ஓட்டினாள். நீளக் கம்பிகளைக் கடைக்காரரே நேரே வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்தாள். அடை மழையில் ஓட்டினாள். காய்கறி, மாவு மில், மின்சார ஆபீஸ், ஒன்று விடவில்லை.

எல்லாம் தேறியது. ஒன்று மட்டும் தேறவில்லை. வண்டியை நிறுத்த இடமில்லை.

குடியிருப்பில் எல்லா வண்டிகளும் தரைக்கடியில்தான் நிற்க வேண்டும். தெருவில் விட்டால் அன்றே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கீழே இறங்கும் சரிவின் வாயில் இரண்டு சிமென்ட் தூண்கள். அந்தக் காலத்து ஒல்லி வண்டிகளை மனசில் வைத்துக் கட்டியது. போன வருஷம் இரண்டாம் மாடிக்காரரின் வண்டி அங்கே ஒரு பக்கக் கண்ணாடியைப் பறிகொடுத்தது. கார் வந்த முதல் நாளே, அவள் குளிக்கப் போன நேரத்தில், கணவர் அளந்து பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். தூண்களுக்கு நடுவே இருநூற்றைந்து சென்டிமீட்டர், அது தூணிலேயே எழுதியிருக்கிறது. காரின் அகலம், இந்தப் பக்கக் கண்ணாடியிலிருந்து அந்தப் பக்கக் கண்ணாடிவரை, இருநூற்று மூன்று. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வைத்து யாராலும் இறங்க முடியாது.

கண்ணாடியை மடக்கலாமே என்பீர்கள். இந்த வண்டியில் இரண்டுமே மடங்காது. ஆடுகிற பல்லைத் தொடுகிற மாதிரி தொடாதீர்கள், கையோடு வந்துவிடும் என்று பல் வைத்தியரே எச்சரித்திருந்தார்.

அந்த அளவை ஒருவரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட எப்படித் தோன்றும்? கணவர் எடை அளவு ஆய்வாளர். தராசுக்கும் மீட்டர் கோலுக்கும் முத்திரை வைக்கிற உத்தியோகம். சந்தைக்குள் அவர் தலை தெரிந்தால் போதும், "முத்திரை வர்றாரு" என்று வியாபாரிகள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். இருபத்து நாலு வருஷ இல்லறத்தில் அவர் பேச்சில் தப்பு உண்டு, அளவில் கிடையாது.

ஆகவே ஆறு இரவும் கார் அவளுடைய தையல் கூடத்தின் முற்றத்தில் தூங்கியது. தையல் கூடம் அரைமணி நடை.

"நடந்து போய் ஏறிக்கிற வண்டியை நான் இப்பதான் பாக்குறேன்" என்றாள் நாத்தனார், கணவரின் அக்கா. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற உத்தியோகம் அவளுக்கு. வீட்டிலும் அதே குரல். அந்தக் குரல் 'வருந்துகிறோம்' என்று சொன்னால் வருத்தம் கேட்கிறவருக்குத்தான்.

அன்று காலை கணவர் எஃகு டேப்பையும் சோதனை எடைக்கற்களையும் பையில் அடுக்கிக்கொண்டே சொன்னார். பல் வைத்தியரிடம் பேசிவிட்டாராம். ஆறு மணிக்கு இங்கேயே வந்து வண்டியை எடுத்துக்கொள்வாராம்.

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"அது தெரிஞ்சும் சொல்லியிருக்கீங்க."

அவர் பையின் வாரைப் பூட்டினார். தனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னது பாதி வாய்க்குள்ளேயே போய்விட்டது. "தூணை நான் நகர்த்த முடியாதில்ல" என்றார். அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பெட்டி வண்டி ஒண்ணு என் ஆபீஸ் பக்கம் விலைக்கு வந்திருக்கு. நல்ல உயரம், நிமிர்ந்து உட்காரலாம்" என்று நாத்தனார் உள்ளிருந்து அறிவித்தாள். மூன்று வீடு தள்ளி இருப்பவர்களும் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

திரைக்காரம்மா நடையைக் கட்டினாள்.

தையல் கூடத்து முற்றத்தில் கட்டிங் மாஸ்டர் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கையில் சாம்பல் நிறத் துணி. முதல் நாளே அவள் சொல்லியிருந்த உறை. வெட்டவெளியில் நிற்கிற வண்டிக்குப் போர்வை வேண்டும் என்று, கணவர் எழுதி வைத்த அளவுச் சீட்டையே மாஸ்டரிடம் கொடுத்திருந்தாள். நடுவில் ஒரு பெரிய ஆர்டர் வந்து உறை பின்னால் தள்ளிப்போய், திருப்பிக் கொடுக்கிற நாளன்று முடிந்திருந்தது.

"நேரம் பாத்து முடிச்சீங்க மாஸ்டர்" என்றாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவர். அவர் வெட்டியது ஒரு நூல் பிசகியதில்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க."

உறையைக் காரின்மேல் இழுத்துவிட்டார். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி நின்றது கார். பின்னால் துணி தொங்கியது. கண்ணாடிகளுக்காகத் தைத்த காதுகள் இரண்டும் காலியாக மடிந்து கிடந்தன.

"சீட்டுப்படிதான் வெட்டினேன். அகலத்துல பத்து அதிகம். நீளத்துலயும் பத்து. உயரத்துலயும் பத்தே பத்து. நான் ஒரு இடத்துல தப்பா வெட்டியிருக்கலாம். மூணு இடத்துலயும் கணக்கா பத்து தப்புவேனா?"

பத்து என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கை தானாகவே தோள் பைக்குள் இருந்த துணி டேப்புக்குப் போயிற்று. மாஸ்டரும் அந்தப் பையைத்தான் பார்த்தார்.

அந்தத் துணி டேப்பின் கதை தையல் கூடத்தில் இருக்கிற ஐந்து பேருக்கும் தெரியும். முனையில் இருந்த தகரம் வெல்வெட்டைக் கீறுகிறது என்று பல வருஷத்துக்கு முன்னால் அவள் முதல் பத்து சென்டிமீட்டரைக் கத்தரித்து எறிந்துவிட்டாள். அன்றிலிருந்து டேப் பத்தில்தான் தொடங்கும். எந்த ஜன்னலை அளந்தாலும் வருகிற எண்ணில் பத்தைக் கழித்துச் சொல்வார்கள். மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போனது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டில் யார் அவள் டேப்பை எடுக்கப் போகிறார்கள்?

ஒருத்தர் எடுத்திருக்கிறார்.

அவள் காரைக் குறுக்கே அளந்தாள். இருநூற்று மூன்று. பத்து போனால் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஒரு பக்கத்துக்கு ஆறு சென்டிமீட்டர் இடம். மூன்று விரலைத் தாராளமாக வைக்கலாம்.

"போகுமா அக்கா?" என்றார் மாஸ்டர்.

"ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு இடைவெளி விட்டா என்னை வேலையை விட்டே துரத்திடுவாங்க" என்றாள் அவள்.

கணவருக்குப் போன் போட்டாள். சந்தைச் சோதனையில் இருக்கும்போது அவர் போனை அணைத்து வைப்பது வழக்கம். வீட்டு எண்ணை அழுத்தப் போய், நாத்தனார் எடுப்பாள் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். முத்திரைக்காரர் வெட்டுப்பட்ட டேப்பில் அளந்தார் என்ற செய்தி அந்தக் குரலில் வெளிவந்தால் எத்தனை நடைமேடைக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் வண்டி உள்ளே போகட்டும். பேச்சு பிறகு.

மதியத்துக்குமேல் ஓர் இசைப் பள்ளியில் ஆறு ஜன்னல் வேலை இருந்தது. முடிக்க ஐந்தேகால் ஆகிவிட்டது. திரும்புகிற வழியில் குன்றைச் சுற்றி ஏறும் சாலை. முன்னால் செங்கல் லாரி ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறியது. பெட்டி வண்டி நாளில் இந்த இடத்தில் அவள் லாரியின் பின்பக்க வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டே போவாள். இன்று எதிரே சாலை நீளத்துக்குக் காலியாகத் தெரிந்தது. கியரை ஒரு படி இறக்கி மிதித்தாள். முதுகை யாரோ அன்பாகப் பிடித்துத் தள்ளியது போலிருந்தது. லாரி பின்கண்ணாடியில் பொம்மையாகிப் போயிற்று.

நாற்பத்தெட்டு வயசில் தனியாக ஒரு காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். நல்லதையெல்லாம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நாள்தோறும் பழசையே தேய்க்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

தெருமுனை திரும்பியபோது ஆறடிக்கப் பத்து நிமிஷம். கீழ்த்தளத்து வாயிலில் ஒரு சிறு கூட்டமே நின்றது. கணவர், பையை இன்னும் தோளிலிருந்து இறக்காமல். நாத்தனார். வாடகை வண்டியில் வந்து இறங்கியிருந்த பல் வைத்தியர். மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த இரண்டாம் மாடிக்காரர். காரைப் பார்த்ததும் பல் வைத்தியரின் கை சாவிக்காக நீண்டது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக வந்தவர் முகம் போல் இருந்தது அவர் முகம்.

திரைக்காரம்மா காரைத் தெருவில் நிறுத்தவில்லை. மூக்கைச் சரிவின் பக்கம் திருப்பினாள்.

கணவர் இரண்டு தூண்களுக்கும் நடுவில் போய் நின்று கையைக் காட்டினார். "போகாது. நான் அளந்திருக்கேன்."

"விலகுங்க" என்றாள் ஜன்னல் வழியே.

"ஒரு கண்ணாடி போனாலும் அவர் திருப்பி எடுத்துக்க மாட்டார். அப்புறம் இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம தெருவுலதான் நிக்கும்" என்று நாத்தனார் அறிவித்தாள். பல் வைத்தியர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

அது உண்மைதான். தப்பினால் எல்லாம் போச்சு. கணக்கு சரி என்று மனசு சொல்லியது. கால் மட்டும் கிளச்சை விட்டு எழவில்லை.

"ஏங்க" என்றாள். "இருபத்து நாலு வருஷமா உங்க அளவை நான் கேட்டிருக்கேன். இன்னைக்கு ஒரு தடவை என் அளவை நீங்க கேளுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்தார்.

ஜன்னலுக்குத் திரை மாட்டும்போது அவள் பார்ப்பது துணியை அல்ல, இரண்டு ஓரங்களில் தெரியும் வெளிச்சத்தைத்தான். இப்போதும் அதைத்தான் பார்த்தாள். இடது கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். வலதுபுறம் அதே அளவுக்கு ஒரு கோடு. இரண்டு கோடும் ஒத்துப் போகிற வரை ஸ்டீயரிங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். பிறகு பிரேக்கை விட்டாள்.

சிவப்புக் கார் வாய்க்குள் வழுக்கும் வெண்ணெய் போல இறங்கியது. ஒரு உரசல் இல்லை. கீழே விளக்கு வெளிச்சத்தில் தனக்கு ஒதுக்கிய கட்டத்துக்குள் போய் நின்றது. மேலே இரண்டாம் மாடிக்காரர் கை தட்டினார். பழைய கண்ணாடிக்காகவும் சேர்த்துத் தட்டியிருப்பார்.

கணவர் சரிவில் இறங்கி வந்தார். பையிலிருந்து எஃகு டேப்பை எடுத்தார். பெயிண்டில் படாமல் உயரப் பிடித்துக் காரை அளந்தார். நூற்றுத் தொண்ணூற்று மூன்று. மறுபடி அளந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை அளந்தார்.

அவள் துணி டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் முனையைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"இது பத்துல ஆரம்பிக்குது."

"வெல்வெட்டைக் கீறுச்சு. வெட்டிட்டேன்."

"எத்தனை வருஷமாச்சு?"

"பதினாலு."

"பதினாலு வருஷமா ஊர்ல ஒரு ஜவுளிக்கடை விடாம மீட்டர் கோலைச் சோதிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "என் வீட்டு ஆணியில, உன் பையோட, இது தொங்கியிருக்கு."

நாள் முழுக்க அவள் நாக்கில் தீட்டி வைத்திருந்த வார்த்தைகள் நாலு இருந்தன. முதல் வார்த்தை நுனிக்கு வந்தும்விட்டது. அதைச் சொல்லாமல், ஆபீஸ் டேப்பை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அவர் காரின் கதவை ஒரு விரலால் தொட்டார். "எஃகு பட்டா கீறல் விழும்னு நினைச்சேன். நீ அதை ஆசையாத் துடைச்சு வச்சிருந்தே."

நாலு வார்த்தையும் எங்கே போயினவோ தெரியவில்லை.

நாத்தனார் சரிவின் தலைமாட்டில் நின்று என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது என்று மழுப்பிவிடலாம் என்று திரைக்காரம்மா வாயெடுத்தாள். கணவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மேலே ஏறிப் போய், நாலு பேர் முன்னால் நின்று, சந்தையில் தீர்ப்புச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"அளந்தது நான். தப்பு என்னுது. வண்டி போகும். வண்டி இங்கதான் நிக்கும்."

நாத்தனார் வாயைத் திறந்தாள். நாளைக்குக் காலை முதல் ஷிப்டு, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட முடியுமா என்று தம்பி மனைவியிடம் கேட்டாள். சாதாரண மனிதர்கள் பேசுகிற குரலில் கேட்டாள்.

பல் வைத்தியர்தான் பாவம். காரில் திரும்பிப் போவதாக நினைத்து வந்த வண்டியை அனுப்பிவிட்டிருந்தார். உங்களை நானே வீட்டில் விடுகிறேன் என்று திரைக்காரம்மா அவரை ஏற்றிக்கொண்டாள். மறுபடி தூண்களுக்கு நடுவே ஏறியபோது அவள் ஓரத்தை ஒரு முறைதான் பார்த்தாள்.

பாதி தூரத்தில் பல் வைத்தியர் தானாகவே ஆரம்பித்தார். பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தாராம். ஒரு நாள் உறையை விலக்கிப் பார்த்தபோது, யாராவது இதை ஒழுங்காக ஓட்டட்டும் என்று தோன்றி சீட்டு ஒட்டினாராம். அவள் வாங்குகிறேன் என்ற மறு நிமிஷமே மனசு மாறிவிட்டதாம்; ஏழு நாள் கெடுவை மூன்று முறை சொன்னது அதற்குத்தானாம்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

அவர் வெளியே பார்த்தார். "வீட்டுல இன்னும் சொல்லலை. என் சம்சாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. நாளைக்குத்தான் வருவா." சீட்டின் விளிம்பைத் தடவினார். "இந்த வண்டி அவ எனக்கு வாங்கிக் குடுத்தது."

அதற்குள் அவர் தெரு வந்துவிட்டது. மூன்றாவது வீட்டுக் கதவு திறந்திருந்தது. படியில் இரண்டு பெட்டிகள். பக்கத்தில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி, கார்ச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே திரும்பிவிட்டவர், இடுப்பில் கை வைத்து நின்றார்.

பல் வைத்தியர் சீட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டார். அந்தத் தாழ்ந்த வண்டியில் அதற்கு மேல் இறங்க இடமில்லை.

அந்தம்மா தன் கணவர் பக்கம் போகவில்லை. சுற்றி வந்து ஓட்டுகிறவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"யாரு வண்டிம்மா இது?"

இந்தக் கேள்வியை ஏழு நாளாக ஊரெல்லாம் கேட்டது. பார்க்கலாம் என்பாள், ஆறு மணி வரைக்கும் என்பாள், இன்னும் முடிவாகவில்லை என்பாள். இப்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்மேல் இருந்தன. பக்கத்தில் பல் வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னுது" என்றாள் திரைக்காரம்மா.

அந்தம்மா அவளை உச்சி முதல் பாதம் வரை நன்றாகப் பார்த்தார். பிறகு நிதானமாக மறுபுறம் போய்க் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க."

பல் வைத்தியர் இறங்கினார். இரண்டு பெட்டிகளும் அவர் கைக்கு மாறின. அந்தம்மா அவர் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். பழக்கப்பட்ட கை, தேடாமலே கொக்கி விழுந்தது.

"பதினோரு வருஷமா நாப்பதுக்கு மேல போக விட்டதில்ல இவர். நீ எடும்மா."

"எங்கே?" என்றாள் திரைக்காரம்மா.

"குன்றுச் சாலைக்குப் போ. யாரோ ஒருத்தி இதைத் தினமும் ஓட்டுறான்னு கேள்விப்பட்டுத்தான் ஒரு நாள் முன்னாடியே வந்தேன்."

பின்கண்ணாடியில், கைக்கொரு பெட்டியுடன் பல் வைத்தியர் சின்னதாகிக்கொண்டே வந்தார்.